தாழப் பறக்கையில் வரும் அபாயம்

ஆகாய விமானம் ஓட்டக் கற்கப் போகிறவனுடைய வீட்டார், நடுவானில் யந்திரம் நின்றுவிட்டால் பிள்ளையின் கதி என்னாகுமோ என்று கலங்குவது இயல்பே. ஆயினும் செஸ்னா 172 போன்ற சிறு விமானம், யந்திரம் ஓய்ந்த பிறகும் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஒன்றரை மைலுக்குமேல் சறுக்கிச் செல்லக் கூடியது. உயரம் இருக்கும்வரை ஒரு வயலையோ வெளியையோ தேடிக்கொள்ள அவகாசம் உண்டு. அந்த உயரமே இல்லாத இடத்தில், யந்திரம் செவ்வனே ஓடிக்கொண்டிருக்கும்போது நேர்கிற விபத்துத்தான் என்னை அதிகமாக அச்சுறுத்துகிறது.

இறக்கையின் மேற்பரப்பை ஒட்டிக் காற்று ஓடும்வரைதான் அது விமானத்தைத் தாங்கும். எதிர்க்காற்றோடு இறக்கை கொள்ளும் கோணம் சுமார் 15 பாகையைத் தாண்டினால், காற்று பிய்த்துக்கொண்டு விலக, தாங்கும் சக்தி குன்றிவிடுகிறது. இதையே விமானிகள் ஸ்டால் என்கிறார்கள். நேராகப் பறக்கையில் 50 நாட் வேகத்தில் இந்நிலையை அடையும் விமானம், 60 பாகை சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்புகையில் 70 நாட் வேகத்திலேயே அடைந்துவிடும்.

இறங்குவதற்கான கடைசித் திருப்பத்தில், ஐந்நூறு அடி உயரத்தில், பின்காற்றுத் தள்ளியதால் ஓடுபாதையின் நேர்க்கோட்டைத் தாண்டிவிட்ட மாணாக்கன், மேலும் சாய அஞ்சி, உட்புறச் சுக்கானை மிதித்து மூக்கைத் திருப்பப் பார்க்கிறான், மூக்குத் தாழ்கிறது, தரையைக் கண்ட பீதியில் கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுக்கிறான். இடது இறக்கையின் முன்விளிம்பிலுள்ள சிறு துவாரத்தின் வழியே காற்று உறிஞ்சப்பட, ஸ்டால் நெருங்குவதை எச்சரிக்க உள்ளிருக்கும் ஊதல் முனகத் தொடங்குகிறது. அப்போதே தண்டைத் தளர்த்தாவிடில் உட்புற இறக்கை முதலில் வீழ்ந்து, விமானம் சுழன்று இறங்கும். அதிலிருந்து மீள ஏறக்குறைய ஆயிரம் அடி வேண்டும். அவனிடம் இருப்பதோ அதில் பாதி.

1912 ஆகஸ்டு 25ஆம் தேதி, இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளிக்கு மேலே இத்தகைய சுழலில் அகப்பட்ட கடற்படை லெப்டினன்ட் வில்பிரட் பார்க், தண்டை இழுத்தும் உட்புறச் சுக்கானை மிதித்தும் பயன்படாமற் போகவே, எதிர்ப்புறச் சுக்கானைப் பிரயோகித்து, தரைக்கு மிக அருகே உயிர் தப்பினார். அவர் கண்ட பரிகாரம் அன்றே பரவலாகப் போதிக்கப்படவில்லை. 1917இல் காஸ்போர்ட்டில் பயிற்சிப் பள்ளி நிறுவிய ஸ்மித்-பாரி என்பவர்தாம், அபாயத்தை மாணவரிடமிருந்து மறைக்காமல், இரட்டைக் கட்டுப்பாடுள்ள ஆவ்ரோ விமானத்தில் ஆசிரியரின் துணையோடு அதை நேரே காட்டிப் பழக்கும் முறையைக் கொணர்ந்தார்.

அம்முறையையே நான் விரும்புகிறேன். 1949இல் அமெரிக்கா, சாதாரண விமானி உரிமத்துக்குச் சுழற்பயிற்சி கட்டாயமில்லை என்று விட்டது. பயிற்சியிலேயே உயிர்கள் பலியானதை எண்ணினால் அதற்கும் காரணம் உண்டு. எனினும், போதிய உயரத்தில், தேர்ந்த ஆசிரியர் அருகிருக்க, ஒருமுறையேனும் சுழன்று மீண்டவனுடைய கை, பீதியிலும் தண்டை இழுக்கத் தயங்கும் என்பது என் திடமான எண்ணம்.

ஆசிரியருக்கும் இதில் சங்கடம் உண்டு. மாணவன் தவறிக் கற்கட்டும் என்று மூவாயிரம் அடியில் அவர் காட்டும் பொறுமை, ஐந்நூறு அடியில் இருவர் பிராணனையும் வாங்கிவிடும். அங்கே ஊதல் முனகுமுன்பே, “கட்டுப்பாடு என்னிடம்” என்று உரக்கச் சொல்லி, மாணவன் அதைத் திருப்பிச் சொல்லிக் கைகளை எடுத்தானா என்றும் பார்த்தாக வேண்டும்.