"1200 மடங்கு" என்று போட்டிருந்தால் நம்பி ஏமாறாதீங்க! முதல் மைக்ராஸ்கோப் வாங்குறவங்களுக்கு உஷார் டிப்ஸ்

மதுரை:

பிள்ளை ஆசையாக கேட்கிறானே என்று போனஸ் பணத்திலோ, சீட்டு எடுத்த பணத்திலோ மைக்ராஸ்கோப் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் உண்டு. குளத்துத் தண்ணீருக்குள் என்னதான் ஓடுது என்று பார்க்க ஆசைப்படும் பெரியவர்களும் உண்டு.

ஆனால் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் "1200 மடங்கு" என்ற நம்பரைப் பார்த்து வாங்கினால், உள்ளே தெரிவது வெறும் புகை மூட்டம்தான். இரண்டு நாள் பார்த்துவிட்டு பையன் அதை பரண் மேல் போட்டு விடுவான். பணமும் போச்சு, ஆர்வமும் போச்சு. அதே பணத்தில் உருப்படியாக வாங்க வழி இருக்கிறது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

நம்பரில் இல்லை விஷயம்

மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துப் பார்க்க மேலே ஒரு லென்ஸ், பொருளுக்குப் பக்கத்தில் கீழே ஒரு லென்ஸ் இருக்கும். மேலே 10, கீழே 40 என்றால் இரண்டையும் பெருக்கி 400 மடங்கு. மேல் லென்சை மட்டும் 30 என்று மாற்றிப் போட்டால் 1200 வந்து விடும். கணக்கு சரிதான். படம்தான் தெளிவாக இருக்காது. செல்போன் போட்டோவை விரலால் இழுத்து இழுத்து பெரிசாக்கினால் கலங்கிப் போகுமே, அதே கதைதான்.

நல்ல கீழ் லென்சில் 40-க்குப் பக்கத்தில் 0.65 என்று இன்னொரு எண் பொறித்திருப்பார்கள். அந்த லென்ஸ் எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் என்பதைச் சொல்லும் எண் இது. இதை 1000-ஆல் பெருக்கினால் வரும் 650 மடங்குதான் அந்த லென்சின் எல்லை. அதற்கு மேல் எவ்வளவு பெரிசாக்கினாலும் புதுசாக ஒன்றும் தெரியாது. இந்த எண்ணே இல்லாத லென்ஸ் என்றால் யோசித்து வாங்குங்கள்.

சாதித்துக் காட்டிய துணி வியாபாரி

ஹாலந்து நாட்டின் டெல்ப்ட் நகரில் 1632-ல் பிறந்தவர் லேவன்ஹூக். துணி வியாபாரி. கல்லூரி வாசலை மிதித்தவர் அல்ல. தன் கையாலேயே செய்த ஒற்றை லென்ஸ் மைக்ராஸ்கோப்பில் பாக்டீரியாவை உலகிலேயே முதலில் பார்த்தவர் இவர்தான். அவர் செய்தவற்றில் இன்றைக்கும் மிச்சம் இருப்பதில் சிறந்தது சுமார் 266 மடங்குதான் பெரிதாக்கும். லென்ஸ் நல்ல லென்ஸ், அவ்வளவுதான் ரகசியம்.

பணத்துக்கு ஏத்த மாதிரி

* பட்ஜெட் ரொம்பக் குறைச்சல் என்றால் "போல்ட்ஸ்கோப்" என்ற பேப்பர் மைக்ராஸ்கோப் இருக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கியது. இதுபற்றிய ஆய்வுக் கட்டுரை 2014-ல் வெளிவந்தது. அட்டையை மடித்து நாமே செய்து கொள்ளலாம். சட்டைப் பையில் போட்டுக் கொள்ளலாம். 140 மடங்கு காட்டும்.

* கம்ப்யூட்டரில் சொருகிப் பார்க்கும் யு.எஸ்.பி. மைக்ராஸ்கோப்பில் ரூபாய் நோட்டு, துணி நூல், எறும்பு, தலைமுடி எல்லாம் அழகாகத் தெரியும். ஆனால் தண்ணீரில் ஓடும் நுண்ணுயிரைப் பார்க்க இது சரிப்படாது. பெட்டியில் போட்டிருக்கும் "1600 மடங்கு" என்பது திரையில் பெரிசாகக் காட்டுவதையும் சேர்த்துப் போட்ட கணக்கு.

* சில ஆயிரம் ரூபாய் செலவழிக்க முடியும் என்றால், பள்ளி லேப்களில் இருக்கும் ஸ்டூடண்ட் மைக்ராஸ்கோப்தான் சரி. அரியானா மாநிலம் அம்பாலாவில் இவை ஏராளமாகத் தயாராகின்றன. கீழே 4, 10, 40 என்று மூன்று லென்ஸ் இருந்தால் போதும். 100 லென்ஸ் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது. முதலிலேயே அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கடையிலேயே சோதித்துப் பாருங்க

பிளாஸ்டிக் ஸ்டாண்டு ஆடும். 400 மடங்கில் பார்க்கும்போது மேஜையைத் தொட்டாலே படம் குதிக்கும். எனவே ஸ்டாண்டு கனமான இரும்பாக இருக்கட்டும்.

மாலைப் பேப்பரில் இருந்து சின்னத் துண்டு கிழித்துக் கொண்டு போங்கள். 4 லென்சில் வையுங்கள். எழுத்து தலைகீழாகத் தெரியும், பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். போட்டோ இருந்த இடம் முழுக்க புள்ளி புள்ளியாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் மட்டும் லேசாக மங்கினால் பரவாயில்லை. நடுவிலேயே மங்கினால் வைத்துவிட்டு வந்து விடுங்கள்.

அடுத்து, போகஸ் செய்துவிட்டு கையை எடுங்கள். குழாயோ மேடையோ தானாகவே கீழே இறங்கக் கூடாது. நைசாகத் திருப்ப தனியாக ஒரு சின்ன குமிழ் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் 40 லென்சில் பார்ப்பது பெரும்பாடு.

பழைய மைக்ராஸ்கோப் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், தப்பில்லை. லென்சைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழை தெரிந்தால் அது பூஞ்சை. துடைத்தாலும் போகாது.

கண் ஜாக்கிரதை

கண்ணாடி வைத்த மாடலில் வெயிலை நேராக உள்ளே திருப்பி விடாதீர்கள். சூரிய வெளிச்சம் குவிந்து கண் பார்வையையே கெடுத்து விடும். ஜன்னல் வெளிச்சமோ, மேஜை விளக்கோ போதும். சின்னப் பிள்ளைகளைத் தனியாக விட வேண்டாம். எல்.இ.டி. விளக்கு வைத்த மாடலில் இந்த பயம் இல்லை.

ரத்தம் பார்க்கிறேன் என்று விரலில் ஊசி குத்துவதும் வேண்டாம். வெங்காயத்தின் உள்தோலை உரித்து, ஒரு சொட்டு டிஞ்சர் அயோடின் விட்டுப் பாருங்கள். செங்கல் அடுக்கினது போல் செல்கள் தெரியும். பாசி பிடித்த தண்ணீர் ஒரு சொட்டில், 100 மடங்கிலேயே நுண்ணுயிர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுவது தெரியும்.

லென்சை வேட்டி முனையால் துடைக்காதீர்கள், கீறல் விழும். லென்ஸ் பேப்பர் என்றே விற்கிறார்கள்.

வாங்கும் முன்பு பிள்ளை படிக்கும் பள்ளியில் அறிவியல் டீச்சரிடம் கேட்டு, லேபில் இருக்கும் மைக்ராஸ்கோப்பில் ஒருதடவை பார்த்துவிட்டு கடைக்குப் போங்கள். எது சரக்கு, எது வெறும் பெட்டி என்று உங்க கண்ணே சொல்லி விடும்.