அவள் கைக்கு ஏற்ற பலகை

விளையாட்டு என்றதும் நம் வீடுகளில் யார் நினைவுக்கு வருகிறார்கள்? பந்தும் மட்டையுமாக வெளியே ஓடும் மகன்தான். மகளின் விளையாட்டு ஒரு வயதோடு நிறுத்தப்பட்டுவிடுகிறது. அந்த மகள் நடக்க முடியாதவளாகவும் இருந்துவிட்டால், அவளுக்கும் விளையாட்டு வேண்டும் என்ற எண்ணமே பலருக்கு எழுவதில்லை. சமூகவியல் படித்துவிட்டுப் பல வருடங்களாக வீடு வீடாகச் செல்லும் எனக்கும் அது எழவில்லை என்பதை ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறேன்.

திருகோணமலை நகரில் துறைமுகத்திற்கு அண்மையில் இருக்கிறது அந்த வீடு. பதினைந்து வயது மகளுக்குப் பிறவியிலிருந்தே மூளை முடக்குவாதம். நாம் பேசுவது அனைத்தும் அவளுக்கு விளங்கும். ஆனால் அவளது பேச்சு தெளிவாக வராது. இடது கை மடிந்தே இருக்கும். வலது கையைத் தோளிலிருந்து அசைப்பாள். விரல்களைத் தனித்தனியாக அசைக்க இயலாது. சேர்க்கச் சென்ற பாடசாலை மறுத்த பின்னர் வீடே அவளது உலகமாகிவிட்டது.

அவளது அண்ணன் கணினி திருத்தும் வேலை பழகுபவன். பழைய அலுமாரியின் பலகைகளையும் பழைய கணினி ஒன்றையும் வைத்து, காசு போட்டு விளையாடும் வீடியோ கேம் பெட்டியைப் போல ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். திரைக்குக் கீழே சரிவான பலகை ஒன்று. அதில் திசை காட்டும் கைப்பிடியும் பொத்தான்களும் இருக்கும். நண்பர்கள் கூடி விளையாட, தங்கை ஒரு மூலையில் இருந்து பார்ப்பாள்.

“மிஸ், தங்கச்சியும் விளையாடுற மாதிரி ஒரு பலகை செய்யலாமோ?” என்று ஒருநாள் கேட்டான்.

அம்மா உடனே குறுக்கிட்டார். “இவளுக்கு என்னத்துக்கு மிஸ் விளையாட்டு? ஒரு கரண்டியைக் கூடப் பிடிக்கமாட்டாள்.”

அந்தத் தாயைக் குறை சொல்ல என்னால் முடியாது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூக்குவது என அனைத்தும் பதினைந்து வருடங்களாக அவரது இரண்டு கைகளால்தான் நடக்கின்றன.

யாருக்காகச் செய்யப்படுகிறது?

இத்தகைய பெட்டிகளின் வரலாற்றில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் பணியாற்றிய தோரு இவத்தானி, ‘பேக்மேன்’ விளையாட்டை உருவாக்கினார். ஆண்கள் நிறைந்திருந்த விளையாட்டுக் கூடங்களுக்குப் பெண்களும் வரவேண்டும் என்று எண்ணியே அதை அமைத்ததாக அவர் கூறியிருக்கிறார். அதை விளையாட நான்கு திசைகளில் அசையும் ஒரு கைப்பிடி போதும். சுடுவதற்கான பொத்தான் எதுவும் இல்லை. அதற்கடுத்த வருடம் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ‘சென்டிபீட்’ விளையாட்டை எட் லொக் என்பவருடன் சேர்ந்து உருவாக்கியவர் டோனா பெய்லி என்ற பெண். அதில் கைப்பிடிக்குப் பதிலாக உள்ளங்கையால் உருட்டும் ஓர் உருண்டை இருந்தது. யாரை மனதில் வைத்துச் செய்கிறோமோ அவருக்கு ஏற்றபடி பொருளும் மாறும் என்பதற்கு இவை நல்ல உதாரணங்கள்.

நாங்கள் விட்ட பிழை

நானும் அண்ணனும் கூடி யோசித்து, நான்கு பொத்தான்களை நெருக்கமாக வைத்து முதற்பலகையைச் செய்தோம். அவள் கையை வைத்ததும் இரண்டு பொத்தான்கள் ஒன்றாக அழுந்தின. மூன்றாம் முறைக்குப் பின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நான் சொன்னேன்தானே” என்றார் அம்மா.

அன்று இரவுதான் எனக்கு உறைத்தது. பலகையைச் செய்யும் முன் அவளிடம் நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கையை அளந்தும் பார்க்கவில்லை.

மறுவாரம் கடதாசி அட்டை ஒன்றை அவள் மடிக்கு மேலே வைத்தோம். கையை விரும்பியபடி அசைக்கச் சொல்லி, அது இலகுவாகப் போய்ச் சேரும் இடங்களைப் பென்சிலால் குறித்தோம். குறிகள் எல்லாம் வலது பக்கத்தில், ஒன்றுக்கொன்று ஒரு சாண் தள்ளியே விழுந்தன. போத்தல் மூடிகளை அங்கே வைத்து, “இதுவா, அதுவா?” என்று கேட்டோம். கண்ணால் காட்டினாள்.

பலகை அமைந்த விதம்

அந்த அட்டையையே அளவாக வைத்து ஒட்டுப்பலகையை வெட்டி, விளிம்புகளைத் தேய்த்து மழுங்கச் செய்தோம். இவ்வகைப் பெட்டிகளில் வழமையாக இடப்படும் பொத்தான் 30 மில்லிமீற்றர் விட்டமுடையது. அவளுக்கு 100 மில்லிமீற்றர் பொத்தான்கள் இரண்டை வாங்கினோம். கைப்பிடியின் உச்சியிலுள்ள சிறிய குமிழைக் கழற்றிவிட்டு, துளையிட்ட டெனிஸ் பந்து ஒன்றைச் செருகினோம். விரல்களால் பிடிக்காமல் உள்ளங்கையால் தள்ளினாலே அது அசையும்.

உள்ளே நடக்கும் வேலை கடினமானதல்ல. ஒவ்வொரு பொத்தானின் அடியிலும் சிறிய ஆளி ஒன்று உண்டு. அதன் மூன்று முனைகளில், பொது முனையையும் அழுத்தும்போது இணையும் முனையையும் மட்டும் பயன்படுத்த வேண்டும். அங்கிருந்து வரும் வயர்கள் ‘என்கோடர்’ எனப்படும் சிறிய சுற்றுப்பலகைக்குச் சென்று, யூ.எஸ்.பி. வயர் மூலம் கணினியுடன் இணைகின்றன. அதில் வருவது 5 வோல்ட் மட்டுமே. வீட்டின் 230 வோல்ட் மின்சாரம் பலகைக்குள் வருவதில்லை. வயர்களை இணைத்தது நான்தான். பெண்ணுக்கு இது வராது என்று நினைக்க வேண்டாம். சட்டைக்குக் கொளுக்கி தைப்பதற்கு வேண்டிய பொறுமை இதற்கும் போதும்.

அவள் பந்தைத் தள்ளினாள். திரையில் உருவம் திரும்பியது. அவள் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தார்.

விளையாட்டிலிருந்து விருப்பத்திற்கு

பின்னர் அதே இரண்டு பொத்தான்களுக்கும் அண்ணன் தன் குரலைப் பதிவு செய்து, ஒன்றை அழுத்தினால் “வேணும்”, மற்றதை அழுத்தினால் “போதும்” என்று கணினி சொல்லும்படி அமைத்தான். அன்று மதியம் அம்மா சோறு ஊட்டும்போது நான்காவது வாயில் “போதும்” என்றது கணினி. அம்மா கையை நிறுத்தினார். “இவ்வளவு நாளும் கூடவோ தீத்தினேன்?” என்று கேட்டுவிட்டு அழுதார். மகள் மீண்டும் “போதும்” என்று அழுத்தினாள். அது சோற்றுக்கா அழுகைக்கா என்று தெரியாமல் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

2018இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் இத்தகையோருக்கென இரண்டு பெரிய பொத்தான்கள் கொண்ட கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை விற்பனைக்கு விட்டது. நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அதன் விலை எட்டாது. ஆனால் மனிதருக்கேற்பக் கருவி மாறவேண்டும் என்ற அதன் கருத்து எட்டாததல்ல. இயலாமையுடையோரின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. விளையாட்டிலும் ஓய்வுநேரச் செயற்பாடுகளிலும் பங்குகொள்வதும் அதிலுள்ள உரிமைகளில் ஒன்று.

இந்தப் பலகையால் அவள் நடக்கத் தொடங்கவில்லை. பாடசாலைக் கதவும் இன்னும் திறக்கவில்லை. அதற்கான முயற்சியை நாங்கள் விடவும் இல்லை. ஆயினும் பதினைந்து வருடங்களின் பின் அந்த வீட்டில் அவளது விருப்பம் கேட்கப்படுகிறது.

அன்பான சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ அயலிலோ இப்படியொரு பிள்ளை இருந்தால், “இவளுக்கு முடியாது” என்று சொல்வதற்கு முன் ஒரு கடதாசி அட்டையை அவள் மடியில் வைத்துப் பாருங்கள். அவள் கை எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.