வேலிக்கு இப்பால்

சாலைக் கார்களின் உருவில் அமைந்த ‘ஸ்டாக் கார்’ பந்தயத்தைக் காணச் செல்லும் நாம், ஆபத்து ஓட்டுநருக்கே உரியது என எண்ணுகிறோம். 1987 மே 3-ஆம் நாள், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து டாலடீகா களத்தில் அவ்வெண்ணம் தகர்ந்தது. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விரைந்த பாபி அலிசனின் காரில் டயர் வெடித்தது. கார் மேலெழும்பிப் பார்வையாளர் முன்னிருந்த வேலியைக் கிழித்தது. இரும்பு வடங்கள் தாங்கியமையால் அது கூட்டத்துள் விழவில்லை. எனினும் சிதறிய துண்டுகளால் சிலர் காயமுற்றனர்.

1988 முதல் டாலடீகா, டேடோனா ஆகிய இரு களங்களிலும், எஞ்சினுக்குள் புகும் காற்றைக் குறைக்கும் துளைத் தகடு கட்டாயமாயிற்று. காற்றுக் குறையவே வேகமும் குறைந்தது. வேகத்துக்கென்றே நடக்கும் விளையாட்டு, வேலிக்கு இப்பால் அமர்ந்திருந்த முகமறியா மனிதர்க்காகவும் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. சீட்டு வாங்கி அமரும் நாம், ‘இன்னும் வேகம்!’ எனக் கூவுமுன் இதனை எண்ணிப் பார்ப்போமாக.