பருத்தி ஒன்று, பாடம் பல

ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கரிசற்காட்டில் பிறந்து வளரும் பிள்ளை, பாடசாலைக்குள் அடியெடுத்து வைக்குமுன்னரே அநேக விஷயங்களை அறிந்திருக்கிறது. மழை பெய்தால் மண் உப்பிக் காலில் ஒட்டும். வெயில் காய்ந்தால் கை நுழையுமளவு வெடிக்கும். ஐப்பசி மழையில் விதைத்த பருத்தி மாசி, பங்குனியில் வெடித்து வெளுக்கும். ஆயினும் கணிதத்திற்கு ஒரு மணி, பூகோளத்திற்கு ஒரு மணி, சரித்திரத்திற்கு ஒரு மணி என்று தனித்தனியே கற்பிக்கும்போது அவ்வறிவு பாடசாலை வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஒரு பொருளை நடுவில் வைத்து, அதனைச் சுற்றிப் பல பாடங்களையும் இணைத்துக் கற்பிக்கும் முறை இக்குறையை நீக்கும்பொருட்டு எழுந்ததாகும்.

இம்முறைக்குப் பருத்தியே ஒரு பழைய உதாரணம். ஜான் டூயி என்னும் அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் 1896-இல் சிகாகோ சர்வகலாசாலையைச் சார்ந்து ஓர் ஆரம்பப் பாடசாலையை நிறுவினார். அங்குள்ள பிள்ளைகளின் கையில் பருத்தியும் ஆட்டுரோமமும் கொடுக்கப்பட்டன. அரைமணி நேரம் முயன்றும் ஒரு அவுன்ஸ் பஞ்சைக்கூட அவர்களால் கொட்டையிலிருந்து பிரிக்க இயலவில்லை. தங்கள் முன்னோர் ஏன் பருத்தியை விட்டுக் கம்பளியை உடுத்தனர் என்பதும், கொட்டை நீக்கும் இயந்திரம் ஏன் உலக வியாபாரத்தையே மாற்றிற்று என்பதும் அவர்களுக்கு அப்போது தாமே விளங்கின. சரித்திரமும் விஞ்ஞானமும் கணிதமும் விரல் நுனியில் ஒன்றுகூடின.

நம் நாட்டில் 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கூடிய கல்வி மகாநாடு இக்கருத்தை ஏற்றது. ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த கமிட்டி, ஏழு முதல் பதினான்கு வயதுவரை தாய்மொழியில், ஒரு கைத்தொழிலை மையமாகக் கொண்டு கற்பிக்கும் திட்டத்தை வகுத்தது. யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆரியநாயகமும், தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் அக்கமிட்டியில் இருந்தனர். இதுவே ஆதாரக் கல்வி எனப்பட்டது. பின்னாளில் அப்பாடசாலைகள் சாதாரணப் பாடசாலைகளாக மாறிவிட்டன. எனினும் சேவாக்கிராமத்தில் 2005-இல் ஆனந்த நிகேதன் என்னும் பள்ளி இக்கருத்தைக் கொண்டு மீண்டும் தொடங்கப்பெற்றது.

ஓட்டப்பிடாரம் பகுதியில் இது எவ்வாறு இயலும்? ஒரு கைப்பிடிக் கரிசல் மண்ணை நீரில் கரைத்துப் பார்த்தால், அதன் களித்தன்மை ஈரத்தைப் பிடித்துவைப்பதும், மழை நின்ற பின்னும் செடி பிழைப்பதும் விளங்கும், இது விஞ்ஞானம். 90 கிலோப் பருத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிய 30 கிலோவே பஞ்சு. ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை உண்டோ அதுவே நூலின் எண். ஆகவே இருபதாம் எண் நூல் ஒரு பவுண்டில் 16,800 கஜம் இருக்கும். இது கணிதம். பஞ்சு தூத்துக்குடிக்குச் சென்ற வழி பூகோளம். இதே ஓட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியதும், 1908-இல் தூத்துக்குடிப் பஞ்சாலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்றதும் சரித்திரம். கண்டதையும் கேட்டதையும் பிள்ளை எழுதிவைப்பது தமிழ்ப் பாடம்.

இம்முறையில் ஓர் அபாயமும் உண்டு. வார்தாத் திட்டத்தின் ஐந்தரை மணி நேரப் பாடவேளையில் மூன்று மணி இருபது நிமிஷம் கைத்தொழிலுக்கே ஒதுக்கப்பட்டது. வருமான நோக்கம் மிகுந்து கல்வி நோக்கம் குன்றலாம் என்று அக்கமிட்டியே எச்சரித்திருந்தது. 1953-இல் சென்னை ராஜ்யத்தில், கிராமப் பிள்ளைகள் மூன்று மணி நேரமே பள்ளியிலிருந்து, எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலைப் பழக வேண்டும் என்ற திட்டம் வந்தபோது, அது குலக்கல்வி என்று கடுமையாக எதிர்க்கப்பட்டு, 1954-இல் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது. பருத்தி எடுப்பவர் மகள் பருத்தியே எடுக்க வேண்டும் என்பதற்காகப் பருத்தியைக் கற்பிப்பது கல்வியாகாது. அவள் பருத்தியிலிருந்து தொடங்கி, தான் விரும்பிய எத்தொழிலுக்கும் செல்லத்தக்க அறிவைப் பெறுவதே கல்வியாகும். பாடத்திற்காக வேலையேயன்றி, வேலைக்காகப் பாடம் என்று ஆகிவிடலாகாது. வாசிப்பிலும் கணக்கிலும் அன்றாடப் பயிற்சியும் குறைதல் கூடாது.

கூட்டுறவுச் சங்கத்து அங்கத்தினர் இதில் செய்யத்தக்கவை சில உண்டு. சங்கத்தின் தராசைப் பிள்ளைகள் ஒரு நாள் கையாள இடந்தரலாம். குவிண்டாலுக்கு 2 கிலோ குறைத்து நிறுத்தால் 15 குவிண்டாலில் 30 கிலோ போய்விடும் என்பதை அவர்கள் தாமே கணக்கிடட்டும். பங்கு, வட்டி, தவணை ஆகியவற்றை மாதிரிப் பேரேட்டில் எழுதிக் காட்டலாம். அனுபவமுள்ள விவசாயி ஒருவர் மாதம் ஒருமுறை உபாத்தியாயருக்குத் துணையாகச் சென்று விதை, பூச்சி, மழை பற்றிச் சொல்லலாம். பருத்தி விதைப்பதை விட்டுவிட்ட ஊரில் உளுந்தையோ கம்பையோ கொள்ளலாம். பொருள் எதுவாயினும் முறை ஒன்றே.

கணக்கறியாமல் கைநாட்டு வைத்தவரின் நிலம் கைமாறிய கதைகள் கரிசற்சீமையில் பல. தராசின் முள்ளையும் பத்திரத்தின் எழுத்தையும் ஒருங்கே வாசிக்கவல்ல பிள்ளையே நாளைச் சங்கத்திற்கு உறுதியான அங்கத்தினர் ஆவான், ஆவாள்.