கலைப் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்

‘ஆறே மாதத்தில் பேச வைக்கிறோம்’ என்கிற ரீதியில் யாராவது இசை, ஓவியம், நாடகம் என்று தெரபி விற்றால், ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோர் உஷாராக வேண்டும்.

கலை வீண் என்பதல்ல. 9 நாடுகளில் ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகளிடம் நடத்திய இசை சிகிச்சை ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. ஐந்து மாத முடிவில், அறிகுறிகளின் தீவிரம் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. ஆனால் 26 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, இசை சிகிச்சையால் வாழ்க்கைத் தரம் மேம்பட வாய்ப்புண்டு என்றது. ஆக, குணமாக்கும் என்பவரை நம்ப வேண்டாம்; வாழ்க்கைத் தரத்துக்கு உதவலாம் என்பவரிடம் மேற்கொண்டு பேசலாம்.

பெற்றோரே கற்றுக்கொள்வது இன்னும் நல்லது. 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்த பயிற்சியில் 9 குழு வகுப்புகள், 3 வீட்டுச் சந்திப்புகள். விளையாட்டும் அன்றாட வீட்டு வேலையுமே பாடம். கலைக்கும் இந்த முறை பொருந்தும். பிள்ளை எவர்சில்வர் தட்டைத் தட்டினால் பிடுங்காமல், அம்மாவும் ஒரு தட்டெடுத்து அதே தாளத்தைத் தட்டலாம். பிறகு நிறுத்திக் காத்திருக்கலாம். பிள்ளை நிமிர்ந்து பார்த்தாலே பதில் வந்துவிட்டது என்று பொருள். பெயின்ட் கையில் ஒட்டுவது பிடிக்காவிட்டால் பிரஷ் கொடுக்கலாம். கையைப் பிடித்து முக்கக் கூடாது. காதைப் பொத்தினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

மையத்தில் சேர்ப்பதானால், பதிவெண் கேளுங்கள். சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் போன்றோர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். கலை சிகிச்சையாளருக்கு அங்கே தனிப் பிரிவு இல்லை; எனவே படிப்பு, அனுபவம் இரண்டையும் விசாரியுங்கள். பெற்றோரை உள்ளே விடாத வகுப்பு வேண்டாம்.

பணம் கட்டும் முன் பிள்ளைக்குள்ள உரிமைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை அங்கீகரிக்கிறது. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. தெரபிச் செலவுக்கும் அதில் வரம்புக்குட்பட்டுப் பணம் கிடைக்கும். சான்றிதழ், அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

பொய் வாக்குறுதியில் பணம் போனால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு தர வேண்டும். ரசீது, விளம்பரத் துண்டறிக்கை, வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள்.