எந்தக் கடனை முதலில் அடைப்பது?
தனி ஆளாகப் பிள்ளைகளை வளர்க்கும் சகோதரிகளுக்கு



குழுக் கூட்டத்துக்கு வந்தால் நாங்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது வருகைப் பதிவேட்டைத்தான். ஒரு உறுப்பினர் தொடர்ந்து மூன்று கூட்டம் வரவில்லை என்றால் காரணம் கேட்போம். "பூப் பறிக்கப் போயிருக்காங்க", "பிள்ளைக்கு உடம்பு சரியில்லையாம்" என்று பதில் வரும். வீட்டுக்கே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் வேறாக இருக்கிறது. கையில் சந்தா கட்டப் பணம் இல்லை. வெறுங்கையோடு வந்து உட்கார வெட்கம். அதற்குப் பின்னால் நான்கைந்து இடத்துக் கடன் நிற்கிறது.

கணவர் இறந்தோ, விட்டுவிட்டுப் போயோ, தனியாகக் குடும்பம் நடத்தும் சகோதரிகளிடம் இதை அதிகம் பார்க்கிறோம். ஒரு சம்பளத்தில் இரண்டு பேர் வேலை. முடியாத மாதம் என்று ஒன்று வந்தால் தாங்குவதற்கு வீட்டில் இன்னொரு ஆள் இல்லை.

இந்த இதழில் ஒரு சகோதரியின் கணக்கை எழுதிக் காட்டுகிறோம். இது ஒருவருடைய கணக்கு அல்ல. பல வீடுகளில் பார்த்ததைச் சேர்த்து ஒரே ஆளின் கணக்காகப் போட்டிருக்கிறோம். "இது அவங்களா, இவங்களா" என்று யாரும் தேட வேண்டாம்.

நோட்டில் எழுதிய கணக்கு

நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் என்று வைத்துக்கொள்வோம். அக்காவுக்கு வேலை மல்லிகைப் பூப் பறிப்பது. விடியும் முன்பே காட்டுக்குப் போக வேண்டும். பூ இருக்கும் மாதம், இல்லாத மாதம் எல்லாம் சேர்த்துச் சராசரி பார்த்தால் மாதம் 8,500 ரூபாய் வரும். ஆனால் மார்கழி, தையில் பனி விழுந்தால் பூ குறைந்துவிடும். அப்போது பூ விலை ஏறும், பறிப்பவர் கூலி ஏறாது. பறிக்கப் பூவே இல்லையே! அந்த மாதங்களில் 6,000 வந்தாலே பெரிது. கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பெண் ஒன்பதாவது, பையன் ஆறாவது.

"மொத்தம் எவ்வளவுக்கா கடன் இருக்கு?" என்று கேட்டோம். "ஒரு நாப்பதாயிரம் இருக்கும்" என்றார். எழுதிக் கூட்டினோம்.

ஊர்க்காரர் ஒருவரிடம் அஞ்சு வட்டிக்கு 20,000. தண்டல்காரரிடம் வாங்கிய பத்தாயிரத்தில் இன்னும் 60 நாள், அதாவது 6,000. மைக்ரோ பைனான்ஸில் வாங்கிய 40,000-ல் பத்து டியூ பாக்கி, அசல் சுமார் 19,000. அடகுக் கடையில் அரைப் பவுன் கம்மல் 15,000-க்கு மூணு வட்டியில் இருக்கிறது. எட்டு மாதமாக வட்டி கட்டாததால் அது 18,600 ஆகிவிட்டது. நம் குழுவில் உள்கடன் பாக்கி 6,000. எல்லாம் சேர்த்து 69,600 ரூபாய்.

நாற்பதாயிரம் என்று நினைத்தது எழுபதாயிரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. எழுதிப் பார்க்கப் பயமாக இருப்பதால்தான் பலரும் எழுதுவதில்லை. ஆனால் எழுதாமல் இருந்தால் கடன் ஒரு ரூபாயும் குறையாது.

மாதாமாதம் எவ்வளவு போகிறது? அஞ்சு வட்டிக்கு 1,000, தண்டலுக்குத் தினம் நூறு வீதம் 3,000, மைக்ரோ பைனான்ஸ் டியூ 2,115, குழுவுக்கு அசலும் வட்டியும் 560. மொத்தம் 6,675. பூ நன்றாக வரும் மாதத்திலேயே வீட்டுச் செலவுக்கு 1,825-தான் மிச்சம். தை மாதத்தில் வருமானத்தைவிடத் தவணை அதிகம். அதனால்தான் ஒரு தண்டல் முடியும் முன்பே அடுத்த தண்டல். கடன் அடைவதாகத் தெரியும், ஆனால் அடையவில்லை.

சத்தம் போடாத கடன்

"இதில் யாருக்கு முதலில் கட்டுவீங்க?" என்று கேட்டோம். மைக்ரோ பைனான்ஸுக்கு, ஏனென்றால் சென்டரில் மற்ற பெண்கள் எழுந்து போகவிடாமல் உட்கார வைத்துவிடுகிறார்கள். அடுத்து தண்டல், ஏனென்றால் அவர் வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நிற்பார். அஞ்சு வட்டிக்காரர்? "அவரு நல்ல மனுசன். அசலைக் கேட்கவே மாட்டாரு. வட்டி மட்டும் குடுத்தா போதும்பாரு."

சகோதரிகளே, கேட்காமலே இருக்கிறாரே, அவரைத்தான் பார்க்க வேண்டும். 22 மாதமாக மாதம் ஆயிரம் வீதம் 22,000 ரூபாய் வட்டி கட்டியாகிவிட்டது. வாங்கியதே 20,000. இன்றைக்கும் அசல் 20,000 அப்படியே நிற்கிறது. அசலைக் கேட்காமல் இருப்பது அவருக்குத்தான் லாபம்.

நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி. அது வருடத்துக்கு 12 சதவீதம். அஞ்சு வட்டி 60 சதவீதம். தண்டலில் பத்தாயிரம் என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, நூறு நாளில் பத்தாயிரமாக வாங்குகிறார்கள். "1,500 தானே" என்று தோன்றும். ஆனால் நாம் தினமும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம், முழுப் பணமும் நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய பத்து வட்டி.

அப்படியானால் தண்டலை உடனே அடைத்துவிடலாமா? இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். தண்டலில் வட்டியை முதல் நாளே பிடித்துவிட்டார்கள். மீதி 6,000-ஐ இன்று கட்டினாலும் 60 நாளில் கட்டினாலும் அதே 6,000-தான், அவராகக் குறைத்துக்கொண்டால் ஒழிய. அதற்காக வேறு இடத்தில் கடன் வாங்குவது வீண். தண்டலை ஓடவிட்டு முடியுங்கள். முடிந்த மறுநாள் அடுத்ததை வாங்காமல் இருங்கள். அவ்வளவுதான் அதற்கு வைத்தியம். வெளியில் இருந்து பணம் புரட்ட முடிந்தால் அது போக வேண்டிய இடம் அஞ்சு வட்டி.

எங்கிருந்து புரட்டுவது?

அரைப் பவுன் கம்மலைப் பாருங்கள். தங்கம் விலை ஏறியிருப்பதால், இரண்டு மூன்று வருடம் முன்பு வைத்த நகைக்கு இன்று கூடுதலாகக் கடன் கிடைக்கும். அடகுக் கடையில் 18,600 கட்டி மீட்டு, வங்கியிலோ சொசைட்டியிலோ நகைக்கடனாக 28,600-க்கு வைப்பதாகக் கொள்வோம். மீட்கும் அன்று ஒரு நாளைக்குக் கைமாற்று வேண்டும். குழுவில் இருந்து ஒருவர் கூடவே போனால் அன்றைக்கே முடித்துவிடலாம். கூடுதலாக வந்த பத்தாயிரம் நேராக அஞ்சு வட்டிக்காரருக்குப் போக வேண்டும், அசலில். வழியில் ஜவுளிக்கடை இருந்தால் சுற்றிப் போங்கள்.

முன்பு இந்த இரண்டுக்கும் மாத வட்டி 1,450. இப்போது அஞ்சு வட்டி 500. நகைக்கடன் வருடம் 9 சதவீதம் என்றால் சுமார் 215. மொத்தம் 715. கடன் தொகை கூடவில்லை, வட்டி பாதியாகிவிட்டது. நகைக்கடன் தவணை முடியும் தேதியை மட்டும் நோட்டின் அட்டையில் எழுதி வையுங்கள்.

குழு செய்யக்கூடியது ஒன்று உண்டு. தண்டல் முடியும் இரண்டு மாதத்துக்கு அசல் வேண்டாம், வட்டி 60 ரூபாய் மட்டும் போதும் என்று தீர்மானம் போட்டுக் கொடுக்கலாம். இதைச் சொன்னபோது ஒரு கூட்டத்தில், "அப்ப எல்லாருமே கேப்பாங்களே" என்றார்கள். கேட்கட்டும். நோட்டைக் காட்டிக் கேட்டால் கொடுக்கலாம்.

தண்டல் முடிந்த பிறகு மாதம் 3,000 கையில் நிற்கும். எல்லாவற்றையும் கடனுக்கே கட்டு என்று நாங்கள் சொல்ல மாட்டோம், சாப்பிட வேண்டாமா? ஆயிரம் வீட்டுக்கு, இரண்டாயிரம் அஞ்சு வட்டி அசலுக்கு. ஐந்து மாதத்தில் அது முடியும். பத்தாவது மாதம் மைக்ரோ பைனான்ஸ் முடியும். பிறகு இரண்டு பணமும் நகைக்கு. காகிதத்தில் ஒன்றரை வருடம் வருகிறது. நடுவில் ஒரு தை மாதமும் ஒரு பள்ளிக்கூடத் திறப்பும் வரும். இரண்டு வருடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்பு

அந்த 20,000 யார் வாங்கியது தெரியுமா? கணவர். அவர் இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர், எல்லோரும் போன பிறகு, "தங்கச்சி, உன் பேர்ல ஒரு புரோநோட்டு எழுதிக் குடுத்துரு" என்று கேட்டிருக்கிறார். துக்கத்தில் இருந்தவர் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இறந்தவர் வாங்கிய கடனுக்கு, அவர் விட்டுப்போன சொத்தில் வாரிசுக்கு வந்த அளவுக்குத்தான் பொறுப்பு. மனைவி கையெழுத்துப் போடாத கடனுக்கு அவருடைய கூலியில் இருந்து கட்ட வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் புதிதாக நோட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் அது உங்கள் கடன் ஆகிவிடுகிறது. மானத்துக்காகக் கட்ட நினைத்தால் கட்டலாம், அது உங்கள் விருப்பம். ஆனால் காரியத்தன்று எதிலும் கையெழுத்து வேண்டாம். வெற்றுப் பத்திரத்தில் எந்த நாளும் வேண்டாம். ரேஷன் கார்டு, ஏ.டி.எம். கார்டைக் கொடுத்து வைப்பதும் வேண்டாம்.

மைக்ரோ பைனான்ஸில் கடன் கொடுக்கும்போது பல நிறுவனங்கள் இன்சூரன்ஸ் பிடிக்கின்றன, பெரும்பாலும் கணவருக்கும் சேர்த்து. கடன் நடக்கும்போது கணவர் இறந்தால் கடன் அட்டையை எடுத்துப் பாருங்கள். கேட்காமல் யாரும் தள்ளுபடி செய்ய மாட்டார்கள்.

ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிகளும் தெரிந்திருக்க வேண்டும். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி மைக்ரோ பைனான்ஸ் கடன் கொடுக்கக் கூடாது. வருமானத்தைக் கூட்டி எழுதச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அன்றைக்குக் கடன் கிடைக்கும், அடுத்த வருடம் நீங்கள்தான் கட்ட வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்கு வரக் கூடாது. திட்டுவது, மிரட்டுவது, சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்வது எதுவும் கூடாது.

தனியார் வட்டிக்கு நம் மாநிலத்தில் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. மூன்று வருடம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். "சட்டம் இருக்கட்டும், நாளைக்கு ஆஸ்பத்திரிச் செலவுன்னா இந்தச் சட்டமா பணம் குடுக்கும்?" என்று ஒரு பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. ஊரில் குழு சேமிப்பு வலுவாக இருந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். ஆனால் அடிப்பது, வீடு புகுந்து சாமானை எடுப்பது என்று போனால் தயங்காதீர்கள். பெண்கள் உதவிக்கு 181, இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் உதவி கிடைக்கும். கணவர் விட்டுவிட்டுப் போன சகோதரிகள் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஜீவனாம்சம் கேட்கவும் இதே வழிதான்.

விட்டுப்போன வருமானம்

இந்த அக்கா இரண்டு வருடமாக விதவை ஓய்வூதியத்துக்கு எழுதிப் போடவே இல்லை. 2023-ல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. "வாரிசுச் சான்று வாங்கவே மூணு தடவை அலைஞ்சேன், ஒரு நாள் கூலி போகுது" என்றார். உண்மைதான். அதனால் அலைய வேண்டிய நாளில் குழுவில் படித்த பெண் ஒருவர் கூடப் போகட்டும். இறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றுக்கும் இரண்டு இரண்டு நகல் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்தில் பதியலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

ஒன்பதாவது படிக்கும் பெண், "நான் மில்லுக்குப் போறேம்மா, நீ ஒத்தையில கஷ்டப்படாத" என்று சொல்லிக்கொண்டிருந்ததாம். அம்மா பிள்ளைகளிடம் கடனை மறைத்தார். ஆனால் வாசலில் நிற்கிற வண்டி பிள்ளைகள் கண்ணுக்கும் தெரியும். நோட்டைப் பெண்ணிடமே கொடுத்து மாதாமாதம் கழித்து எழுதச் சொன்னோம். கடன் எப்போது முடியும் என்று தேதி தெரிந்த பிறகு மில் பேச்சு குறைந்திருக்கிறது. நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டோம்.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறோம். பாக்கி வைத்தவர்கள் பெயரைக் கூட்டத்தில் உரக்கப் படிக்கும் பழக்கத்தை நாங்களும்தான் வளர்த்தோம். "அடுத்த மாசமும் வரலைன்னா பேரை எடுத்துரலாமா?" என்று குழுவில் கேட்டபோது யோசிக்காமல் தலையாட்டியும் இருக்கிறோம். பேரை எடுத்திருந்தால் அவருக்கு ஒரு வட்டிக் கடன் கொடுக்கும் ஒரே இடமும் போயிருக்கும்.

இப்படி யாருக்காவது இருந்தால் கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில் ஊக்குநரிடமோ எங்களிடமோ சொல்லுங்கள். கடன் அட்டை, அடகு ரசீது, தண்டல் சீட்டு எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்து வாருங்கள். கணக்கு எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம்.