செம்பருத்தியின் நரம்பு எங்கே போனது?

மழை விட்ட காலையில் வாசலில் பூத்த செம்பருத்தியை போனில் படம் பிடிக்கிறீர்கள். கண்ணுக்குச் செக்கச்செவேலென்று இருந்த பூ, படத்தில் வெளிறிக் கிடக்கிறது. எடிட் பண்ணும் இடத்தில் ‘சாச்சுரேஷன்’ என்றொரு கோடு இருக்குமே, அதிலுள்ள புள்ளியை வலப்பக்கம் நகர்த்தினால் சிவப்பு பொங்கி வரும். இன்னும் நகர்த்தினால், இதழில் ஓடிய மெல்லிய நரம்புகள் மறைந்து, பெயிண்ட் கொட்டியது போலாகிவிடும். நரம்புகள் எங்கே போயின?

படத்தை விரலால் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். கடைசியில் குட்டிக் குட்டிச் சதுரங்கள் தெரியும். அவைதான் பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். எந்த எண்ணும் 0-க்குக் கீழே போகாது, 255-ஐத் தாண்டாது. மூன்றும் சமமானால் சாம்பல். ஒன்றைவிட்டு ஒன்று விலக விலக நிறம் அழுத்தமாகும். ஈர இதழின் பளபளப்பில் வானத்து வெள்ளை ஒளியும் கலந்து கேமராவுக்குள் போனதால் எண்கள் நெருங்கிவிட்டன. பூ வெளிறியது அதனால்தான்.

இப்போது நோட்டை எடுங்கள். இதழின் ஒரு பிக்சல் 180, 90, 90. சராசரி 120. சிவப்பு அதைவிட 60 கூட, மற்ற இரண்டும் 30 குறைவு. புள்ளியை வலப்பக்கம் நகர்த்துவது இந்த வித்தியாசத்தைப் பெருக்குவதுதான்; இரட்டித்தால் 240, 60, 60. அழகான சிவப்பு! மென்பொருளுக்கு மென்பொருள் கணக்கு சற்று மாறும்; அடிப்படை இதுதான்.

பக்கத்திலேயே நரம்பின் பிக்சல்: 174, 93, 93. இதற்கும் சராசரி 120. இரட்டித்தால் 228, 66, 66. இதழுக்கும் நரம்புக்கும் இடைவெளி கூடியிருக்கிறது பாருங்கள், நரம்பு இன்னும் தெளிவாகத் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஆசைப்பட்டு ஐந்து மடங்காக்கினால்? இதழுக்கு 420, -30, -30 வரும். அப்படி எண்ணே கிடையாதே! 255, 0, 0 என்று நின்றுவிடும். நரம்புக்கு 390, -15, -15. அதுவும் 255, 0, 0. இரண்டும் ஒன்றாகிவிட்டன!

அதையே மூலப்படத்தின் மேல் சேமித்துவிட்டால், புள்ளியை எவ்வளவு பின்னால் இழுத்தாலும் நரம்பு திரும்பாது. எது இதழ், எது நரம்பு என்று சொல்ல அந்த எண்களில் எதுவும் மிச்சமில்லை. எடிட் பண்ணும் முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, இதழில் நரம்பு மங்கத் தொடங்கும் இடம் வரை மெதுவாக நகர்த்திப் பார்த்து, அங்கிருந்து கொஞ்சம் பின்னால் வாருங்கள்.